கம்பி கட்டிய தாடையும் ஒரு கைமிக்ஸியும்

ஜூன் 9, திங்கள்

இன்று கூரையைத் துடைத்தேன். ஐம்பது வருஷம் மற்றவர் வீட்டுக் கூரைக்குப் பூச்சு வேலை பார்த்த கொத்தனார் நான். இன்று என் வீட்டுச் சமையலறைக் கூரையில் கேரட் சூப்பைப் பூசிவிட்டேன். பெரிய மிக்ஸிதான் காரணம். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் திருகினேன். மூடி என் கையைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. நல்லவேளை, முகத்தில் படவில்லை.

என் பெண்டாட்டி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் சிரிப்பது எப்படி என்று இவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். தோள் மட்டும் குலுங்குகிறது, மூக்கில் புஸ் புஸ் என்று காற்று வருகிறது.

அவளால் வாயைத் திறக்க முடியாது. போன வாரம் பின்கட்டுப் படியில் வழுக்கி விழுந்ததில் தாடை எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப் போனது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். ஆறு வாரம் இப்படித்தான். கன்னத்தின் உள்ளே ஸ்ட்ராவைச் செருகி உறிஞ்சிக் குடிக்க வேண்டும். சின்னத் துணுக்கு இருந்தாலும் ஸ்ட்ரா அடைத்துக்கொள்கிறது.

பேச்சும் இல்லை. எழுதப் படிக்கக் கற்கிற மாலை வகுப்புக்கு நான் வாங்கிவைத்த சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டாள். இன்று அதில் எழுதிக் காட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“கூரைக்குப் பசியா?”

எனக்கு எழுபத்தொரு வயது. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம். அவள் எட்டாவது வரை படித்தவள். எத்தனை மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பாள்! மடித்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் நீட்டுவேன், அவர் படிப்பார். என் பெண்டாட்டி எழுதியதை நானே படித்தது இந்த வாரம்தான் முதல் தடவை. அதில் என்னைக் கேலிதான் செய்கிறாள். இருக்கட்டும்.

தினம் ஒரு வரியாவது எழுதச் சொல்லியிருக்கிறார் டீச்சர். இது எத்தனை வரி! விரல் வலிக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

ஒன்றை நேற்று எழுதாமல் விட்டேன். பயத்தில்தான் விட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது எடை பார்த்தார்கள். நாற்பத்திரண்டு கிலோ. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். “பெரியவரே, வாரா வாரம் வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. நாற்பதுக்குக் கீழ போச்சுன்னா படுக்க வெச்சு மூக்கு வழியா குழாய் போட்டுருவோம். உடம்புல சத்து இல்லன்னா எலும்பு ஒண்ணு சேராது.”

பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மாவுக்கு அப்படித்தான் குழாய் போட்டிருந்தார்கள். இவள் மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சிலேட்டில் முதலில் எழுதியது கூரையைப் பற்றி இல்லை.

“எனக்குக் குழாய் வேண்டாம். விட்டுடாதீங்க.”

படித்து முடிக்க எனக்கு வெகு நேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால், இதை வேறு யாரிடமாவது காட்டியிருக்க வேண்டும் அவள்.

ஜூன் 11, புதன்

மகள் போனில் பேசினாள். அவள் இருப்பது ஒரு நாள் பயணத் தூரத்தில். சின்னக் குழந்தையை விட்டுவிட்டு வர முடியாது.

“அப்பா, அந்தப் பெரிய மிக்ஸிய விடுங்க. கையில பிடிச்சு பாத்திரத்துக்குள்ளயே விடுற மிக்ஸி இருக்கு. ஒரு டம்ளர் சூப்புக்கு அதான் சரி. நான் நல்லதா ஒண்ணு பாத்து அனுப்புறேன், பத்து நாள்ல வந்துடும்.”

“பத்து நாள்ல உங்கம்மா காத்துல பறந்துடுவா. நானே கடைக்குப் போறேன்.”

“கடையில தலையில கட்டிடுவாங்கப்பா. எதையும் படிக்காம வாங்கிடாதீங்க.”

சொல்லிவிட்டு, “ஐயோ” என்றாள். நாற்பது வருஷமாகப் படிக்காமல் வாங்கியவன்தானே நான். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

“இனிமே படிச்சுட்டுத்தாம்மா வாங்குவேன்” என்றேன். அதைச் சொல்லும்போது என் நெஞ்சு எவ்வளவு அகலமானது என்று அவளுக்குத் தெரியாது.

ஜூன் 12, வியாழன்

எடை: நாற்பத்தொரு கிலோ, அறுநூறு கிராம். நானூறு குறைந்துவிட்டது.

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். புறப்படும் முன் பிளக் இருக்கும் இடத்திலிருந்து அடுப்பு மேடை வரை நூல் பிடித்து அளந்து, நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அளக்காமல் வேலைக்குப் போகும் பழக்கம் எனக்கு இல்லை.

கடைக்காரம்மா மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது பெரிய பெட்டி. நறுக்குகிற கிண்ணம், முட்டை அடிக்கிற கம்பி, ஜாடி என்று ஒரு குடும்பமே உள்ளே இருந்தது. “இது பத்து வேலை செய்யும் தாத்தா” என்றார். எனக்கு ஒரு வேலைதான் இருக்கிறது என்றேன். அதைத் தள்ளி வைத்தார்.

இரண்டாவது எல்லாவற்றையும்விட மலிவு. பாத்திரத்துக்குள் விடுகிற கால் முழுக்க பிளாஸ்டிக். மூன்றாவது அதைவிடக் கொஞ்சம்தான் கூட. கால் மட்டும் எவர்சில்வர். ஒரே பொத்தான். வேகத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

“ரெண்டும் ஒண்ணுதான் தாத்தா. மலிவா இருக்கறத எடுத்துட்டுப் போங்க.”

நான் பெட்டியைப் படித்தேன். நான்கு பக்கமும் படித்தேன். இன்னும் இரண்டு பேர் வந்து சாமான் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் படித்துக்கொண்டே இருந்தேன்.

“தாத்தா, பெட்டியப் படிக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தாம்மா.”

பிளாஸ்டிக் கால் பெட்டியின் அடியில், எறும்பு ஊர்ந்தது போல் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. உணவு நன்றாக ஆறிய பிறகு மட்டும் பயன்படுத்தவும். எவர்சில்வர் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. சூடான சூப்பில் பயன்படுத்தலாம் என்றே போட்டிருந்தது. கடைக்காரம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்தார்.

“அட ஆமா! இத்தனை வருஷமா விக்கிறேன், நான் இதப் பாத்ததே இல்ல.”

நான் கண்டுபிடித்தேன்! எழுதப் படிக்கக் கற்று எட்டு மாதம் ஆன நான்!

பிறகு நூலை எடுத்து வயரை அளந்தேன். ஒரு சாண் மிச்சம் இருந்தது. கையில் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் போய்ப் பொத்தானில் சரியாக உட்கார்ந்தது. பூச்சுக் கரணை பிடித்துப் பழகிய கைக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. காலின் அடியில் பக்கவாட்டில் இடைவெளி விட்டிருக்கிறதா என்று தடவினேன். இல்லாவிட்டால் பாத்திரத்தின் அடியில் அப்பிக்கொள்ளும். இருந்தது. எவர்சில்வர் காலையே வாங்கினேன்.

ஜூன் 13, வெள்ளி

மாலை முழுவதும் விளக்கப் புத்தகம் படித்தேன். ஆறு மொழியில் இருக்கிறது. நம்முடையது நாலாவது.

படித்ததில் நினைவில் வைக்க வேண்டியவை: காலைப் பாத்திரத்துக்குள் விட்ட பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். ஓடும்போது வெளியே தூக்கக் கூடாது. மேல் பாகத்தில் தண்ணீர் படக் கூடாது. கத்தியைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். முக்கியமானது இது. ஒரே மூச்சில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மூன்று நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும்.

“என்னையவிட அதுக்கு ஓய்வு ஜாஸ்தி” என்று அவள் எழுதினாள்.

ஜூன் 14, சனி

முதலில் வெறும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தேன். பிறகு வேகவைத்த கேரட்டில் விட்டேன். அகலப் பாத்திரத்தில் அங்கும் இங்கும் ஓடி ஒளிந்துகொள்கிறது கேரட். உயரமான குறுகிய பாத்திரத்துக்கு மாற்றினேன். அப்புறம் தப்பிக்க வழியில்லை.

கூரை சுத்தமாக இருக்கிறது. எழுதிவைக்க வேண்டிய விஷயம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைய சூப்: கேரட் மூன்று, பூசணி ஒரு துண்டு, பருப்பு ஒரு கைப்பிடி. கெட்டியாக இருந்ததால் இயந்திரம் முக்கியது. லேசாகச் சூட்டு வாசனை வேறு வந்தது. புது இயந்திரம், பாவம். இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டேன். அதன் பிறகு வெண்ணெயில் விட்டது போல் ஓடியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு டீ வடிகட்டியில் வடிகட்டினேன். மேல்பூச்சு மணலை நான் சலிக்கிற அழகைப் பார்க்கவே ஒரு காலத்தில் ஆள் நிற்பார்கள். அந்தக் கைதான் இது. ஒரு துணுக்கு இல்லை.

பெரிய கிண்ணம் நிறைய வந்தது. ஸ்ட்ராவை வைத்தாள். நிற்காமல் உறிஞ்சினாள். கிண்ணம் காலி! கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

இனிமேல் என்ன கவலை?

ஜூன் 17, செவ்வாய்

உருளைக்கிழங்கு சூப் செய்தேன். சூப் ஆகவில்லை. கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாகத் தொங்குகிறது. இது எனக்குத் தெரிந்த பொருள். வண்ணம் அடிக்கும் முன் சுவரில் இழுக்கிற பட்டி. அதே பளபளப்பு, அதே ஒட்டல்.

அவளிடம் காட்டினேன். சிலேட்டில் எழுதினாள்: “முன் ரூம்ல மூலையில விரிசல் இருக்கு. அங்க வைங்க.”

கிழங்கை இந்த இயந்திரத்தில் ஓட்டினால் பசையாகிவிடும் என்று தெரிந்தது. மூன்று டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டிக் கொடுத்தேன். குடித்துவிட்டாள். ஒரு பொட்டு மிச்சமில்லை.

ஜூன் 19, வியாழன்

நாற்பது கிலோ ஐந்நூறு.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அடுத்த வியாழக்கிழமை துணிமணியோட வாங்க பெரியவரே. குறைஞ்சிருந்தா அப்படியே சேர்த்துடலாம்.”

பஸ்ஸில் வரும்போது சிலேட்டு அவள் மடியில்தான் இருந்தது. அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

எப்படிக் குறையும்? கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறாளே. என் கண் முன்னால்தானே குடிக்கிறாள். எல்லா வேளையும் கண் முன்னாலா? மத்தியானம் நான் கடைக்குப் போகும்போது?

ஜூன் 21, சனி

தப்பு செய்துவிட்டேன்.

மத்தியானம் கடைக்குப் போவது போல் போய், பாதியில் திரும்பி வந்தேன். கிண்ணம் காலி. நேராகக் கழுவுதொட்டியில் போய்க் குனிந்து பார்த்தேன். விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். நிமிர்ந்தால் பின்னால் அவள் நிற்கிறாள்.

வாய் சும்மா இருந்ததா எனக்கு? “கொட்டுறியா? உண்மையச் சொல்லு. பிடிக்கலன்னா சொல்லித் தொலையேன், இப்படி ஏன் என்னைச் சாகடிக்கிற” என்று கத்தினேன்.

பல்பத்தை எடுத்தாள். அவசரத்தில் எழுத்து கோணலாக வந்தது.

“குமட்டிக்கிட்டு வந்தாலும் முழுங்குறேன். வயிறு வெடிக்கிற மாதிரி இருக்கு. இன்னும் என்ன செய்யணும்?”

அதைத் துடைக்காமலே என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கத்தியதைத் திரும்ப வாங்க முடியாது. இவள் எழுதியதை நானும் துடைக்கவில்லை. அப்படியே அலமாரியில் சாத்தி வைத்திருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

சிலேட்டு அலமாரியிலேயே இருக்கிறது. நான் கொடுத்தேன், அவள் குடித்தாள்.

ஜூன் 23, திங்கள்

வியாழன் வரை காத்திருக்க முடியாது என்று நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாப்பாட்டு விஷயம் சொல்கிற அம்மா ஒருவர் அங்கே மாடியில் இருக்கிறார். என் மகள் வயதுதான் இருக்கும். மூன்று மணி நேரம் காத்திருந்து பார்த்தேன்.

“என்ன குடுக்குறீங்க, எவ்வளவு குடுக்குறீங்க, ஞாபகம் இருக்கா ஐயா?”

“ஞாபகம் எதுக்கும்மா? எழுதியே வெச்சிருக்கேன்” என்று இந்த நோட்டை எடுத்தேன். சொல்லப்போனால் எனக்குப் பெருமைதான். வெளி மனுஷர் ஒருவர் முன் என் நோட்டை நான் படிப்பது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தேன். கேரட் மூன்று. பூசணி ஒரு துண்டு. பருப்பு ஒரு கைப்பிடி. இரண்டு டம்ளர் தண்ணீர். டீ வடிகட்டியில் வடிகட்டினேன். செவ்வாய்க்கிழமையையும் படித்தேன்.

அவர் குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும் கேட்டார். “வடிகட்டியில நின்னத என்ன செஞ்சீங்க ஐயா?”

“கொட்டிடுவேன்.”

“எவ்வளவு நிக்கும்?”

கையைக் குவித்துக் காட்டினேன். காட்டும்போதே எனக்கு ஏதோ உறைக்க ஆரம்பித்தது.

“ஐயா, ஒரு கிண்ணத்துல முக்காவாசி தண்ணி. மிச்சத்துல பாதிய வடிகட்டிக் கொட்டிடுறீங்க. அம்மாவுக்கு வயிறு ரொம்புது, உடம்புக்கு ஒண்ணும் போகல.”

கலவை இறுகினால் புரட்டக் கஷ்டம் என்று ஆட்கள் தண்ணீரை ஊற்றுவார்கள். எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருப்பேன்! “உன் கை வலிக்குதுன்னு தண்ணிய ஊத்துறியே, நாளைக்குச் சுவரு உதிர்ந்தா நீ வந்து தாங்குவியா?” என்று ஒருவனைச் சட்டியோடு வெளியே அனுப்பியிருக்கிறேன். அந்த நான், இயந்திரம் முக்குகிறதே என்று தண்ணீரை ஊற்றி என் பெண்டாட்டியை உதிர விட்டிருக்கிறேன்.

இதை அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. “கலவை பத்தி எனக்குத் தெரியாது ஐயா. ஆனா நீங்க சொல்றது சரிதான்” என்றார். பிறகு, “இவ்வளவு விவரமா யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்ல. எழுதலன்னா இதக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொண்டேன். மெதுவாகத்தான் எழுதினேன், காத்திருந்தார். தண்ணீருக்குப் பதில் பால். ஒவ்வொரு டம்ளரிலும் வெண்ணெய் ஒரு கரண்டி, பால் பவுடர் இரண்டு கரண்டி. அவித்த முட்டையும் பருப்பும் தாராளமாகச் சேர்க்கலாம். பெரிய கிண்ணம் வேண்டாம், ஒரு டம்ளர் போதும், ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தடவை. வடிகட்டியில் நிற்பதைக் கொட்டாமல் மறுபடி அரைக்க வேண்டும். கொஞ்சம் பெரிய துளை உள்ள ஸ்ட்ரா வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றியது நான், கழுவுதொட்டியைத் தடவியதும் நான் என்று சொன்னேன். அலமாரியிலிருந்து சிலேட்டை எடுத்துக் கொடுத்தேன். பழையதைத் துடைத்துவிட்டு எழுதினாள்.

“கொத்தனார் கலவையில ஏமாத்திட்டாரு.”

“ஆமா.”

“சந்தேகப்பட்டதுக்கு ஒரு வாரம் பாத்திரம் கழுவணும்.”

“இப்பவும் நான்தானே கழுவுறேன்?”

“அப்ப ரெண்டு வாரம்.”

ஜூன் 24, செவ்வாய்

தண்ணீர் விடாமல் இந்தச் சின்ன இயந்திரத்தை ஓட்டுவது எப்படி? காலையிலிருந்து இதே வேலை.

காய்களைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கினேன். விரலால் நசுக்கினால் கூழாகும் வரை வேகவிட்டேன். முதலில் பாதியை மட்டும் போட்டு, சூடான பால் கொஞ்சம் விட்டு ஒரு நிமிடம் ஓட்டினேன். நிறுத்தி மேல் பாகத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடு. மூன்று நிமிடம் ஓய்வு. மீதியைப் போட்டேன். மறுபடி ஒரு நிமிடம். மறுபடி ஓய்வு. ஐந்து தடவை. அடியில் வைத்து அழுத்தாமல், பாத்திரத்தையும் லேசாகச் சாய்த்துக்கொண்டால் மேலே நிற்பதெல்லாம் தானாகக் கீழே இறங்கிக் கத்திக்கு வருகிறது. முக்கவும் இல்லை, வாசனையும் இல்லை.

அவசரம் எனக்குத்தான் இருந்திருக்கிறது. அதற்கு இல்லை.

வடிகட்டியில் ஒரு தேக்கரண்டிகூட நிற்கவில்லை. நின்றதையும் திருப்பிப் போட்டு அரைத்தேன். ஒரு டம்ளர் வந்தது. மஞ்சளாக, கனமாக, மேலே வெண்ணெய் மினுங்க.

குடித்தாள். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். “இதுதான் சாப்பாடு” என்று எழுதினாள்.

ஜூன் 25, புதன்

ஆறு டம்ளர். ஆறும் உள்ளே போனது. ஒரு வேளை வாழைப்பழமும் பாலும். முட்டை வாசனை மூக்கைத் துளைக்கிறதாம். மிளகுத்தூள் போட்டுச் சமாளித்தேன்.

இந்த இரண்டு நாளில் நான் வேறெதுவும் செய்யவில்லை. நறுக்குகிறேன், வேகவைக்கிறேன், ஓட்டுகிறேன், ஓய்வு கொடுக்கிறேன், கழுவுகிறேன். அந்த மூன்று நிமிட ஓய்வில்தான் இதை எழுதுகிறேன். அதோ, ஆகிவிட்டது.

ஜூன் 26, வியாழன்

துணிப்பையோடுதான் போனோம். இரண்டு புடவை, துண்டு, சீப்பு. வழி முழுக்க அந்தப் பையை அவள் என்னிடம் தரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு எடை இயந்திரத்தில் ஏறினாள். எண்ணை நானே படித்தேன். நர்ஸ் சொல்லும் முன் படித்துவிட்டேன். நாற்பது கிலோ அறுநூறு.

நூறு கிராம் கூடியிருக்கிறது. ஒரு கைப்பிடி சிமெண்ட்கூட இருக்காது அது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “குறையறது நின்னுருச்சே! என்ன செஞ்சீங்க?” என்றார். “தண்ணிய நிறுத்திட்டேன் டாக்டர்” என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவள் துணிப்பையை என் தோளில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

பின்கட்டுப் படியை உடைத்து, புதிதாகக் கட்டினேன். இரண்டு வருஷமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிய வேலை. மேலே சொரசொரப்பாக விட்டிருக்கிறேன். இனி வழுக்காது. இதை முன்பே செய்திருந்தால் என்பதை எழுத வேண்டியதில்லை. எனக்கே தெரியும்.

ஜூலை 3, வியாழன்

நாற்பத்தொன்று இருநூறு!

ஜூலை 6, ஞாயிறு

மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். “ஒரே பொத்தான்தாம்மா. ஆனா அதோட குணம் தெரிஞ்சு நடந்துக்கிட்டா நல்லாத்தான் உழைக்குது.”

“மிக்ஸியப் பத்திச் சொல்றீங்களா, அம்மாவப் பத்திச் சொல்றீங்களா?”

பெண்டாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். முதுகில் ஒரு அடி விழுந்தது. அடியில் பலம் இருந்தது. அதை இங்கே குறித்துவைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

சிலேட்டில் வாராந்திரப் பட்டியல் போட்டுச் சுவரில் சாத்திவிட்டாள். நாளைக்குப் பூசணி கிடையாது. வியாழன் தக்காளியும் பருப்பும். சனிக்கிழமை கோழி, எலும்பில்லாமல். கடைசி வரியில்: “உப்பு பாத்துப் போடவும். சமையல்காரர் கவனிக்க.”

பட்டியலை ஒரே மூச்சில் படித்தேன். எழுத்துக் கூட்டவில்லை. படித்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஜூலை 10, வியாழன்

நாற்பத்தொன்று தொள்ளாயிரம். எக்ஸ்ரேயில் எலும்பு கூடி வருகிறது. டாக்டர் குழாய் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த புதன்கிழமை கம்பியை எடுக்கலாம் என்றார். அவள் கண் கலங்கிவிட்டது. நான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். எதன் படம் என்று நினைவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று கோழி சூப்பில் ஆறு தடவை ஓட்ட வேண்டியிருந்தது. நார் கத்தியில் சுற்றிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எடுத்தேன். இனி குறுக்கே பொடியாக நறுக்கிப் போட வேண்டும்.

ஜூலை 16, புதன்

கம்பியை எடுத்துவிட்டார்கள்.

வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கிறது. போகப் போகச் சரியாகும், தினம் பயிற்சி செய்ய வேண்டும், இரண்டு வாரத்துக்கு மெத்தென்றுதான் சாப்பிட வேண்டும் என்றார்கள். எடை நாற்பத்திரண்டு முந்நூறு. விழுந்ததற்குப் பிறகு முதலில் எடுத்ததைவிட அதிகம்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் கழித்து வரும் முதல் பேச்சு அல்லவா?

“பஸ் போயிடப் போவுது” என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

வீட்டில் நிற்காமல் பேச்சு. சுவரில் இருந்த விரிசல், பக்கத்து வீட்டு நாய், மகள் குழந்தைக்குப் பல் முளைத்தது, நான் காய் நறுக்குகிற லட்சணம். ஆறு வாரப் பாக்கியையும் இந்த வாரமே தீர்த்துவிடுவாள் போலிருக்கிறது. எனக்குக் காது வலிக்கவில்லை.

மத்தியானம் சோற்றைக் குழைய வேகவைத்து, பருப்பை நன்றாகக் கடைந்து, வெண்ணெய் போட்டு, முட்டையை நசுக்கி அவள் தட்டில் வைத்தேன். இயந்திரத்தை எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்தேன். ஒரு வாய் எடுத்தாள். மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். விழுங்கினாள். அடுத்த வாய். நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

“என்ன பாக்குறீங்க? உங்க தட்டு ஆறிப் போவுது. சாப்பிடுங்க.”

சாப்பிட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் பேசிக்கொண்டேதான் சாப்பிட்டாள். இருந்தும் அவள் தட்டுதான் முதலில் காலியானது.